செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டை வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எந்தத் தெருவில் நடந்தாலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றாவது கண்ணில் படும். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் சம்பாதித்த பணத்தில் கட்டியது. இன்று அதற்கு ஏகப்பட்ட பங்குதாரர்கள், எல்லோரும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். "மற்றவர்கள் பங்கையும் நானே வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்கும் பங்காளிகளுக்கும், "இப்படி ஒரு வீடு விலைக்கு வருகிறது, வாங்கலாமா?" என்று கேட்கும் வெளியாட்களுக்கும் சேர்த்து எழுதியது இது. இந்த வீடுகள் இடிபடாமல் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனாலும் எல்லோரையும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும், விலையையா?

விலையைக் கடைசியில் பாருங்கள். முதல் கேள்வி, எத்தனை பேர் கையெழுத்து போட வேண்டும் என்பது. இரண்டாவது கேள்வி, வாங்கிய பிறகு வருடா வருடம் ஓடு மாற்றும்போது பக்கத்தில் நிற்கப் போவது யார் என்பது. இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால் விலையைப் பேசி முடித்துவிடலாம். இரண்டில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டால், அடிமாட்டு விலைக்குக் கிடைத்தாலும் அந்த வீடு உங்களைத் தூங்க விடாது. "சும்மா கிடக்கிறது, குறைந்த விலைக்குத் தருகிறார்கள்" என்று சொல்லித்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கையெழுத்துக் கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு பெரிய தாளை எடுத்து வீட்டைக் கட்டியவர் பெயரை மேலே எழுதி, அவருக்குக் கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வம்சாவளி போடுங்கள், ஆண் பெண் இருவரையும் சேர்த்து. செட்டிநாட்டில் கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். வளவைச் (வீட்டின் நடு முற்றமும் அதன் தாழ்வாரமும் உள்ள பகுதியை) சுற்றி உள்ள அறைகள் புள்ளிவாரியாகப் பிரிந்திருக்கும். அதனால் "இந்த அறை எங்களுடையது" என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும், ஆனால் முகப்பும் வளவும் முற்றமும் கட்டுகளும் (ஒன்றன்பின் ஒன்றாக வரும் வீட்டுப் பகுதிகளும்) பொது என்பதால் அறையை வைத்துப் பங்கைத் தீர்மானிக்க முடியாது.

ஒரு உதாரணம். கட்டியவருக்கு நான்கு மகன்கள் என்றால் ஆளுக்கு 1/4. அதில் ஒருவருக்கு மூன்று பிள்ளைகள் என்றால் ஒவ்வொருவருக்கும் 1/12. அந்த மூவரில் ஒருவர் காலமாகி, மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருந்தால் எளிய கணக்கில் ஆளுக்கு 1/36. நான்கு தலைமுறை தாண்டினால் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது கையெழுத்து சாதாரணமாக வந்துவிடும். அந்தத் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உயிரோடு இருக்கிறாரா, எங்கே இருக்கிறார், வாரிசுச் சான்று இருக்கிறதா, விற்கச் சம்மதமா என்று நான்கு குறிப்பு எழுதுங்கள். இதை முடிக்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

அத்தைகளுக்கும் ஆச்சிகளுக்கும் சீர் செய்து கொடுத்தாயிற்று. அவர்களும் கையெழுத்து போட வேண்டுமா?

வேண்டும். நம் வீடுகளில் இந்த ஒரு கேள்விக்குத்தான் கோபத்தோடு பதில் வருகிறது, ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. தகப்பனார் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது, ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. முக்கியமான விலக்கு, 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுசெய்த பத்திரம் மூலமாகவோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமாகவோ பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது.

1956-க்கு முன் நடந்த மரணங்களுக்குக் கணக்கு வேறு. செட்டிநாட்டு வீடுகளில் அப்படிப்பட்ட மரணம் ஒன்றாவது இருக்கும் என்பதால், வம்சாவளித் தாளோடு சொத்து வழக்கு பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் போய், யார் யாருக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சீர் எவ்வளவு செய்தோம் என்பது குடும்பப் பேச்சு. அது பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் ஆகாது.

பிள்ளை கூட்டிப் போனவருக்கு, அதாவது வேறு வீட்டுக்குத் தத்துப் போனவருக்கு, பங்கு உண்டா?

நகரத்தார் குடும்பங்களில் இது கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம், வெளியாள் வாங்கும்போது பெரும்பாலும் கவனிக்கத் தவறுவதும் இதுதான். வேறு வீட்டுக்குச் சுவீகாரம் போனவர் அந்த வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறார், பிறந்த வீட்டில் வாரிசு உரிமை போய்விடும். ஆனால் சுவீகாரத்துக்கு முன்பே அவர் பெயருக்கு வந்துவிட்ட சொத்து அவரிடமே இருக்கும். இந்த வீட்டுக்குள் சுவீகாரம் வந்தவர் சொந்த மகன் போலவே முழு வாரிசு. சுவீகாரப் பத்திரம் இருக்கிறதா, எந்த ஆண்டு நடந்தது என்பதை வம்சாவளித் தாளிலேயே குறித்துவையுங்கள்.

பங்காளிகளிடம் வாங்கும்போது கிரயமா, விடுதலைப் பத்திரமா?

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை எல்லாம் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9. அதாவது ஒரு கோடிக்கு 9 லட்சம். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலை, பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் பத்திரங்களுக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம்தான், உச்சவரம்பு 10,000. வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நீங்களே பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. "குடும்பம்" என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரையறை இருக்கிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை அதற்குள் வருவார்கள். ஒன்றுவிட்ட பெரியப்பா மகன், இரண்டு தலைமுறை தள்ளிய பங்காளி எல்லாம் அப்படி வராமல் போகலாம். அதனால் பத்திர வரைவை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில குடும்பங்களில் முதலில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் உடன்பிறந்தவர்கள் ஒருவருக்கு விடுதலை எழுதிக்கொடுத்து, பங்குகளை நான்கைந்து பெயருக்குள் கொண்டுவந்த பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். எனக்குத் தெரிந்து செலவும் சண்டையும் குறைவான வழி அதுதான், யாரோ ஒரு பெரியவர் ஒவ்வொரு புள்ளிக்கும் பொறுப்பெடுத்துக்கொள்வதால் பேச்சும் சுலபமாகிவிடும்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். வீடு, நிலம் விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. மொத்த விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், ஒவ்வொருவருக்கும் போகும் தொகை சின்னதாக இருந்தாலும், 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவருக்கான வருமான வரி முன்பிடித்தம்) பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு.

ஒருவர் மட்டும் கையெழுத்து போட மறுக்கிறார். என்ன செய்வது?

ஏன் மறுக்கிறார் என்று நேரில் போய்க் கேளுங்கள், போனில் வேண்டாம். பெரும்பாலும் பணம் காரணமாக இருக்காது. அவருடைய அப்பா கல்யாணத்தில் யாரோ அவமதித்தது, படைப்புக்கு (முன்னோருக்குப் படைத்து வணங்கும் விசேஷத்துக்கு) சொல்லி அனுப்பாதது என்று பழைய மனவருத்தம் ஏதாவது வெளியே வரும். அதைச் சரிசெய்ய முடிந்தால் கையெழுத்து தானாக வரும்.

அதற்கும் மசியவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்குதான். வீட்டைக் கூறு போட முடியாத நிலையில், பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர்கள் கேட்டால், மொத்தமாக விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். 1893-ஆம் ஆண்டுச் சட்டம் அது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும், அதுவரை ஓடு மாற்ற ஆள் இருக்காது, தீர்ப்பு வரும்போது வீட்டில் பாதி சரிந்திருக்கும். வழக்கு போட்டாவது வாங்கியே தீருவேன் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், வேண்டாம் என்பேன்.

வெளியாள் ஒரு பங்கை மட்டும் வாங்கிப் போடலாமா?

கூடவே கூடாது. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாளுக்கு, மற்றவர்களோடு சேர்ந்து அந்த வீட்டில் இருக்கும் உரிமை கிடையாது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அவர் பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்துப் பங்குதாரர் ஒருவர் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள முன்வரலாம். பணத்தைக் கொடுத்து வழக்கை வாங்கிய கதைதான்.

மூலப்பத்திரமே இல்லை, பட்டா கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கிறது. பரவாயில்லையா?

இந்த ஊர்களில் அது சகஜம். பட்டா மட்டும் உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம். ஒருவர் பெயர் அதில் விட்டுப்போனதால் அவர் பங்கு போய்விடாது. வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்தில் பொதுவாக 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடி வாங்க வேண்டும், சோம்பல்படாமல் வாங்குங்கள். பதிவாகாத உயிலும் குடும்பத்துக்குள் வெள்ளைத்தாளில் எழுதிய ஏற்பாடும் வில்லங்கத்தில் வராது. ஆகவே பழைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில், நீதிமன்றத்தில் வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பாருங்கள். பெட்டகத்தில் கிடக்கும் பழைய ஏடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் புரட்டாமல் விடாதீர்கள், எந்தப் புள்ளி எப்போது பணம் வாங்கிக்கொண்டு விலகியது என்பது சில நேரம் அங்கேதான் இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பங்குதாரர்கள்?

அவர்கள் இந்தியத் தூதரகத்தில் பவர் (தங்களுக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்தது, வயதானவர்கள் விஷயத்தில் இதை மனதில் வைத்துப் பத்திரத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் டிடிஎஸ் 1 சதவீதம் இல்லை, அதைவிட நிறைய, ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம். பர்மாவிலோ மலேசியாவிலோ தொடர்பே அற்றுப்போன கிளை இருந்தால், 7 ஆண்டுக்கு மேல் தகவல் இல்லை என்பதை வைத்து நீதிமன்றத்தில் அறிவிப்பு வாங்குவதுதான் வழி. மைனர் பிள்ளை ஒருவர் தன் தகப்பனாரிடமிருந்து பெற்ற பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை. அது இல்லாமல் வாங்கினால் அந்தப் பிள்ளை 18 வயது ஆனபின் 3 ஆண்டுக்குள் வந்து கேட்கலாம்.

வீடு நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள். சித்திரையில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும்.

முதலில் கூரை. நான்கு பக்கமும் நாட்டு ஓட்டுச் சரிவு வளவு முற்றத்தை நோக்கி இறங்கும், இரண்டு சரிவுகள் சேரும் மூலையில்தான் ஒழுகல் தொடங்கும். அந்த மூலைக்கு நேர் கீழே சுவரில் கறை இருக்கிறதா, மரச்சட்டம் கறுத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மெத்தைத் தளம் இருந்தால் மேலே ஏறி, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் செடிதான் என்று விட்டால் அதன் வேர் செங்கலைப் பிளந்துவிடும்.

அடுத்தது மரம். பர்மாத் தேக்கை அவ்வளவு சுலபமாகக் கரையான் தின்னாது, ஆனால் எல்லா இடத்திலும் தேக்கே போட்டிருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையும் நிலையின் கால் பகுதியும் முக்கியம், கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் போச்சு.

சுவர் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பழைய சுவர் செங்கலும் சுண்ணாம்பும், மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து இழைத்தது. அது சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். யாராவது புதுப்பிக்கிறேன் என்று சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கி, இன்னொரு பக்கம் உப்புப் பூத்து உதிரும். புத்தம் புதிதாகப் பளபளக்கும் சுவரைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது குறைவு, அவர் தேதி கிடைப்பதே கஷ்டம், ஆனாலும் அவரைக் கூட்டிப் போய்க் காட்டாமல் விலை பேச வேண்டாம்.

கடைசியாக, முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். முன்பு தெரு வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போய்ச் சேரும்படி ஊரையே அப்படித்தான் அமைத்தார்கள். வாய்க்கால் மண்மூடிப் போயிருந்தால் ஒரு பெரிய மழைக்கு வளவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். மின் ஒயரிங்கை முழுக்க மாற்ற வேண்டும் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு, தூண், சாமான்கள் எல்லாம் வீட்டோடு சேர்ந்தவையா?

எழுதினால்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் போய் நின்று பாருங்கள், இடித்த வீடுகளின் தூணும் நிலையும் கண்ணாடியும் வரிசையாக விற்பனைக்கு இருக்கும். ஒப்பந்தம் போட்ட பிறகும் பத்திரப் பதிவுக்கு முன்பும் பொருள் நகர்வது நடக்கிறது. ஆகவே கட்டுவாரியாகப் போட்டோ எடுத்து, கதவு, நிலை, தூண், ஊஞ்சல், பெட்டகம், பெல்ஜியம் கண்ணாடி, பித்தளைச் சாமான் என்று பட்டியல் போட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு புள்ளியின் அறையிலும் உள்ள சொந்தச் சாமானை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு தேதி கொடுங்கள், அவர்கள் அப்பத்தாவின் சாமான் மீது அவர்களுக்கு இருக்கும் பாசம் நியாயமானது.

விலையை எப்படித் தீர்மானிப்பது?

மனையின் சந்தை விலை ஒன்று, மரத்தை உடைத்து எடுக்க வியாபாரி தரும் விலை இன்னொன்று. விற்பவர்கள் இரண்டையும் கூட்டிச் சொல்வார்கள். நீங்கள் அதில் முதல் மூன்று ஆண்டு பழுதுபார்ப்புக்கு ஆகும் தொகையைக் கழித்துப் பேசுங்கள். பங்காளியாக வாங்கினால் ஒருவருக்கு ஒரு விலை, இன்னொருவருக்கு ஒரு விலை என்று பேசவே பேசாதீர்கள். எப்படியும் தெரிந்துவிடும்.

வங்கிக் கடனை நம்பி இறங்க வேண்டாம். பங்கு பிரியாத சொத்துக்கும் நூறு வயது ஓட்டு வீட்டுக்கும் வங்கிகள் தயங்குகின்றன.

அப்பா அம்மா, பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையாக அங்கே போய்க் குடியிருக்க முடியுமா?

முடியும், ஆசையாகவும் இருக்கும், ஆனால் முழு வீட்டிலும் வாழ நினைக்காதீர்கள். முகப்பிலிருந்து கடைசிக் கட்டுவரை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு அது. கழிப்பறை கடைசியில் இருக்கும். முகப்பில் உயரமான படி, ஒவ்வொரு வாசலிலும் உயர்ந்த நிலைப்படி. முட்டி வலிக்கும் எழுபது வயது அம்மாவுக்கு அது தினசரிப் பிரச்சினை. இரண்டாம் கட்டில் இரண்டு மூன்று அறையை எடுத்து, பக்கத்திலேயே குளியலறை கட்டி, அங்கே குடியிருங்கள், வளவை விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் மதுரையோ திருச்சியோ போக வேண்டும், இரண்டும் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வீட்டில் இதய நோயாளியோ டயாலிசிஸ் செய்பவரோ இருந்தால் இந்த ஒன்றே முடிவைச் சொல்லிவிடும்.

ஹோட்டலாக மாற்றிச் செலவை ஈடுகட்டலாமா?

கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் நன்றாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அறைக்கு அறை குளியலறை, தீயணைப்பு, கழிவுநீர் என்று போடும் பணம் வீட்டு விலையைத் தொட்டுவிடும், கோடையில் கூட்டமும் குறைவு. ஊரிலேயே இருந்து நடத்த ஒருவர் இருந்தால் யோசிக்கலாம். கல்யாணம், அறுபதாம் கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விடுவது அதைவிடச் சுலபம்.

எங்கள் வீட்டில்தான் படைப்பு நடக்கிறது. வாங்கினால் அது என்ன ஆகும்?

பங்கு விற்றாலும் முன்னோரை வணங்கும் உரிமையை யாரும் விற்க நினைப்பதில்லை. பங்காளியாக வாங்கினால், படைப்பு நாட்களில் எல்லோரும் வரலாம், அந்த அறையை மாற்ற மாட்டேன் என்று பத்திரத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். தயங்கி நிற்கும் பல கையெழுத்துகள் அந்த ஒரு வரிக்கு வந்துவிடும். வெளியாள் வாங்குவதாக இருந்தால் படைப்பு வீட்டை விட்டுவிட்டு வேறு வீடு பாருங்கள் என்பதுதான் என் யோசனை.

சரி, வாங்க முடியவில்லை. வீட்டை அப்படியே விட்டுவிடுவதா?

வேண்டாம். வாங்காமலே வீட்டைக் காப்பாற்ற வழி உண்டு. புள்ளிக்கு ஒருவர் என்று சேர்ந்து ஒரு கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்குங்கள், பங்கின் அளவுக்கு ஏற்ப வருடத் தொகை வையுங்கள், கொடுக்காதவர் பெயரில் நிலுவை என்று எழுதிவைத்து என்றைக்காவது வீடு விற்றால் அவர் பங்கில் கழித்துக்கொள்வதாக எல்லோரும் கையெழுத்து போடுங்கள். அந்தப் பணத்தில் புரட்டாசிக்குள் ஓடு மாற்றி, கரையான் மருந்து அடித்து, தினமும் கதவைத் திறந்து கூட்டிப் பெருக்கி விளக்கேற்ற உள்ளூரில் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். பூட்டியே கிடக்கும் வீடுதான் சீக்கிரம் விழுகிறது. இப்படி நாலைந்து வருடம் ஓட்டினால், பங்குதாரர்களில் உண்மையாகவே வீட்டின் மேல் அக்கறை உள்ளவர் யார் என்பதும் தெரிந்துவிடும், மற்றவர்கள் பெரும்பாலும் அவர் பெயருக்கே எழுதிக் கொடுக்க முன்வருவார்கள்.